கருப்புத் திரையில எம் பேரு

1

எங்க தெருவுல மழைத் தண்ணி ஊட்டுக்குள்ள பூந்து, கேஸ் சிலிண்டர் மெதந்துக்கினே போயி எதுத்த ஊட்டு கேட்டுல முட்டிக்கினு நின்னுச்சே, அந்த மழைக்கு அடுத்த வருஷம்தான் எம் பிள்ளை தணிகைவேலு போய்ச் சேந்தான். பொங்கல் வருது, செவுத்துல தண்ணி நின்ன கறை இன்னும் இருக்குது, வெள்ளை அடிக்கலாமா வேணாமான்னு பேசிக்கினு இருந்தோம். வெள்ளை அடிக்கல.

நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு அந்த மழை தெரியாது. தனபால் மச்சானுக்கு மட்டும் தெரியும். அன்னிக்கி எங்களைப் பாக்க குடியாத்தத்துல இருந்து வந்து, எங்க ஏரியா ஜீவனஹள்ளியில மாட்டிக்கினு, மொட்டை மாடியில எங்களோட குந்திக்கினு பிஸ்கட்டு தின்னவரு அவரு. அவருதான் இப்ப போன் பண்ணி, "திருவிழா மலர் போடறோம் மாமா, வெளிய போயி பொழைச்சவங்க அனுபவம் வேணும், நீ பெங்களூரப் பத்தி சொல்லு"ன்னாரு.

நான் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிக்காதவன். வாயால சொல்றேன், மருமக ஜெயந்தி டைப்பு அடிக்கிறா. நடுவுல நடுவுல "மாமா, இது வேணாமே"ன்றா. வேணாம்னு நீ சொன்னதையும் சேத்து அடிம்மான்னு சொல்லியிருக்கேன்.

மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடி வந்தேன் இந்த ஊருக்கு. சிவாஜிநகர் மார்க்கெட்டுல மூட்டை தூக்கினேன், அப்புறம் லக்கேஜ் ஆட்டோ ஓட்டினேன். கன்னடம் வந்துச்சு, சாயபுங்க பேசற பாஷை வந்துச்சு, எழுத்து மட்டும் ஒண்ணுத்துலயும் வரல. இங்கிலீஷ்ல ஒரே ஒரு எழுத்து தெரியும். ரெண்டு மலை ஒட்டி நிக்கிற மாதிரி இருக்கும். எம் பேரோட மொத எழுத்து. எம் பிள்ளைய ஸ்கூல்ல சேக்கும்போது டீச்சரம்மா "இனிஷியல்?"னு கேட்டு, அதைப் போட்டுக் காட்டினாங்க. எம். தணிகைவேலு. எம்முன்னா நான். மிச்சம் எல்லாம் அவன்.

2

அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை செஞ்சான். நான் சொல்ல வந்தது அந்த வேலை இல்ல. விடிஞ்சதும் டீயை வாங்கிக்கினு ஜன்னல்கிட்ட குந்திக்கினு இன்னொரு வேலை செய்வான். பாத்தா திரை முழுக்க கருப்பா இருக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி வெள்ளை எழுத்து.

"இன்னாடா, கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?"ன்னேன் ஒரு நாளு.

"கெட்டுப் போகல நைனா. இதுக்குப் பேரு ஷெல்லு. படம் இருக்காது, தொடறதுக்கு பட்டன் இருக்காது. நாம எழுத்துல சொன்னா அது செய்யும்."

"சொன்னதெல்லாம் செய்யுமா?"

"சொன்னதை மட்டும்தான் செய்யும். நாம நெனைச்சதை செய்யாது. அங்கதான் ரோதனை."

அதை எந்தக் கம்பெனியும் செய்யலியாம். ஒவ்வொரு தேசத்துல ஒருத்தரா இருந்துக்கினு, ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பாக்காம, சேந்து செஞ்சு வெச்சிருக்காங்க. யாரு வேணா சும்மா எடுத்துக்கலாம்.

"அப்ப கோயில் வாசல்ல தண்ணி பந்தல் வெக்கிற மாதிரியா?"ன்னேன்.

"அதே மாதிரிதான் நைனா. ஆனா தண்ணி உப்பு கரிச்சா என்னைக் கூப்புடுவாங்க."

அந்த ஷெல்லுக்கு ஒரு பொஸ்தகம் உண்டு. இப்படி அடிச்சா இப்படி வரும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். சில நேரம் அப்படி வராது. அந்த மாதிரி எடத்தைத் தேடிப் புடிக்கறதுதான் எம் பிள்ளைக்கு ஆசை. அப்ப தப்பு பொஸ்தகத்து மேலயா, ஷெல்லு மேலயான்னு கேட்டேன். "அதைக் கண்டுபுடிக்கறதுதான் வேலையே"ன்னான். சிலதுக்கு பொஸ்தகத்துல ஒரு வரி மாத்தினா போதும். சிலதுக்கு ஷெல்லையே பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணணும். இன்னும் சிலது, ஷெல்லு தப்பா செய்யறதையே நம்பி பத்து பேரு வேலையை ஓட்டிக்கினு இருப்பாங்க, தொட்டா அவங்க கத்துவாங்க.

அது எனக்கு நல்லா புரிஞ்சுது. என் லக்கேஜ் ஆட்டோ பிரேக் மிதிச்சா இடது பக்கமா இழுக்கும். நானும் அதுக்கேத்த மாதிரி ஹேண்டிலை வலது பக்கம் ஒடிச்சுப் புடிச்சுப் பழகிட்டேன். ஒரு மெக்கானிக்கு, நான் சொல்லாமலே, அதை சரி பண்ணிக் குடுத்துட்டான். அன்னிக்கே சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு எதுக்க வாழைப்பழ வண்டி மேல ஏத்திட்டேன்.

தப்பைச் சொல்றதுக்கு அவங்ககிட்ட ஒரு முறை இருக்குது. கோவமா எழுதக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது. மூணு விஷயம் சொல்லணும். நான் இன்னா செஞ்சேன். இன்னா வரும்னு நெனைச்சேன். இன்னா வந்துச்சு. அவ்ளோதான். எம் பிள்ளைக்கு அது ரத்தத்துல ஊறிப் போச்சு. ஜெயந்தி சொல்லிச் சிரிப்பா: "கொழம்புல உப்பு இல்லன்னாக் கூட நேரா சொல்ல மாட்டாரு மாமா. 'நான் ஒரு வாய் சாப்ட்டேன். உப்பு இருக்கும்னு நெனைச்சேன். இல்ல'ன்னுவாரு. எதையாவது தூக்கி அடிக்கலாமான்னு இருக்கும்."

இதை அடிக்கும்போது சிரிக்கிறா. அப்புறம் சிரிக்கல.

3

ஞாயித்துக்கெழமை காலையில நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னான். ஆட்டோ புடிச்சோம். எம் மடியிலதான் தலை வெச்சிருந்தான். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதுக்கு மேல அதைச் சொல்ல வேணாம்.

அப்புறம் பேப்பர் வேலை. செத்ததுக்கு ஒரு பேப்பர், நாங்க அவனுக்கு வாரிசுன்றதுக்கு ஒரு பேப்பர். ஒண்ணுல எம். தணிகைவேலுன்னு இருக்குது. கம்பெனியில அப்பன் பேரையும் முழுசா கேட்டாங்கன்னு தணிகைவேலு முனுசாமின்னு குடுத்து வெச்சிருக்கான். ஆபீசு ஜன்னல்ல இருந்தவரு ரெண்டையும் பாத்துட்டு, "முனிசாமி யாரு? சத்தவரு அவரேனா?"ன்னாரு. செத்தவரு அவரான்னு கேக்கறாரு.

"நானே சார் முனுசாமி. நான் பதுக்கிதீனி"ன்னேன்.

அவரு பேப்பரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. உயிரோட இருக்கற நான், உயிரோட இருக்கேன்னு கன்னடத்துல சொல்லிக்கினு நிக்கறேன். பின்னாடி வரிசையில யாரோ சிரிச்சாங்க. ஜெயந்தி என் கையைப் புடிச்சுக்கினா. அந்த நேரத்துல எனக்கு வந்த நெனைப்பு இன்னான்னா, அந்த மனுஷன் நெனைச்சதுதான் சரியா இருந்திருக்கணும்.

அதுல இருந்து என் நாளு ஒரே மாதிரி போவுது. காலையில பால் வாங்கியாருவேன். ஜெயந்தி கணக்கு எழுதற வேலைக்குப் போயிடுவா. நான் ஜன்னல்கிட்ட குந்திக்கினு இருப்பேன். சாயங்காலம் பேத்தி அனு மைசூர்ல இருந்து போன் பண்ணும், அங்க காலேஜ்ல படிக்குது. "ஊட்டா ஆய்தா தாத்தா?"ன்னும். ஆச்சும்மான்னுவேன். அப்புறம் அதுக்குத் தமிழ்ல மேற்கொண்டு வார்த்தை கெடைக்காது, எனக்கும் அதுகிட்ட பேச விஷயம் கெடைக்காது. வெச்சுடுவோம். சாப்டாச்சான்னு கேக்கறதுக்காவது பண்ணுதே.

4

வருஷ காரியம் முடிஞ்சு படையல் எலையை எடுத்துப் போட்ட அன்னிக்கு ஜெயந்தி போனை எடுத்துக்கினு எங்கிட்ட வந்தா. அவன் போனை அவ இன்னும் சார்ஜ் போட்டு வெச்சிருக்கா. நான் ஏன்னு கேட்டதில்ல.

"மாமா, உங்களுக்கு மெயில் வந்திருக்குது."

"எனக்கு யாரும்மா மெயில் போடறது?"

"'அன்புள்ள முனுசாமி'ன்னு இருக்குது."

எழுதினது மார்த்தான்னு ஒரு அம்மா. "லிங்கராஜபுரத்து மார்த்தாவா?"ன்னேன். அங்க சர்ச்சு தெருவுல ரெண்டு மார்த்தாவை எனக்குத் தெரியும். "இல்ல மாமா, பனி கொட்டற ஊரு. ஷெல்லு வேலையை எல்லாம் பாத்துக்கறவங்க"ன்னா.

வெள்ளைக்காரங்களுக்கு அவங்க அவங்க பேரு முன்னாடி வருது, குடும்பப் பேரு பின்னாடி வருது. மரியாதையா கூப்புடணும்னா பின்னாடி இருக்கறதைத்தான் கூப்புடுவாங்களாம். எம் பிள்ளை கம்பெனியில குடுத்த மாதிரியே அங்கயும் குடுத்திருக்கான். அதனால அவனுக்கு அங்க முனுசாமின்னே பேரு நின்னு போச்சு. ஜெயந்தி தேடி எடுத்துக் காட்டினா. யாரு யாரு எந்தத் தப்பைக் கண்டுபுடிச்சாங்கன்னு பொஸ்தகத்தோட கடைசியில பேரு போட்டு நன்றி சொல்லியிருக்காங்க. வரிசையா டி. முனுசாமி, டி. முனுசாமின்னு வருது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அந்த ரெண்டு மலை ஒவ்வொரு வரியிலயும் நிக்கறது தெரிஞ்சுது. நம்ம பக்கத்துல அப்பன் ஒத்தை எழுத்து, பிள்ளை முழுப் பேரு. அங்க எம் பிள்ளை ஒத்தை எழுத்தாயிட்டான். ஒத்தை எழுத்து மட்டும் தெரிஞ்ச நான் முழுசா நிக்கறேன்.

அனுகிட்ட சொன்னா, "எல்லாருக்கும் அப்படித்தான் தாத்தா, ஆன்லைன்ல அப்பாவை முனுன்னுதான் கூப்புடுவாங்க, விடு"ன்னு கன்னடத்துல சொல்லிச்சு. என்னால விட முடியல.

மெயில்ல இருந்த விஷயம் வேற. அவன் கடைசியா ஒரு தப்பைக் கண்டுபுடிச்சு, அதுக்கு ரிப்பேரும் அவனே செஞ்சு அனுப்பியிருக்கான். "நீ சொன்ன தப்பு எங்க மெஷின்ல வரல. உன்னை ஒரு கேள்வி கேட்டிருந்தோம். பதில் இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் வரலன்னா, கேக்க ஆள் இல்லன்னு இந்தப் புகாரை மூடிடுவோம்." அதுக்குக் கீழ, "நல்லா இருக்கியா?"

ஒரு வருஷமா அந்த அம்மா கேட்டுக்கினு இருக்குது. இவன் பதில் சொல்லலன்னு நெனைச்சுக்கினு இருக்குது.

"அவரு இல்லன்னு எழுதிடட்டா மாமா?"

"எழுதினா இன்னா ஆவும்?"

"ஐயோ பாவம்னு எழுதுவாங்க."

"அப்புறம்?"

"மூடிடுவாங்க."

"அப்ப வேணாம். கேட்டதுக்கு மொதல்ல பதில் குடு. அவன் வேலை உள்ள போவட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

5

ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவன் லேப்டாப்பைத் திறந்தோம். தூசி இல்ல. அவ தொடைச்சு வெச்சிருக்கா.

தப்பு இன்னான்னு ஜெயந்தி எனக்குச் சொன்னா. நாம அடிச்சதை எல்லாம் ஷெல்லு ஞாபகம் வெச்சுக்கும். மேல் பக்கம் அம்பு போட்ட பட்டனை அமுக்கினா கடைசியா அடிச்சது வரும், திரும்ப அமுக்கினா அதுக்கு முந்தினது, இப்படியே பின்னாடி போயிக்கினே இருக்கலாம். ரெண்டு ஜன்னல் திறந்து வேலை செஞ்சா ரெண்டுத்துல அடிச்சதும் பழசோட சேரும்னு பொஸ்தகத்துல இருக்குது. எம் பிள்ளை சொன்னது, சேரல. கடைசியா மூடின ஜன்னல்ல அடிச்சது மட்டும் நிக்குது, பழசெல்லாம் அழிஞ்சு போவுது. மார்த்தாம்மா கேட்ட கேள்வி: ஜன்னலை எழுத்துல 'வெளிய போ'ன்னு சொல்லி மூடினியா, இல்ல மூலையில இருக்கற பெருக்கல் குறியை அமுக்கி மூடினியா? அவங்க மெஷின்ல வராததால, இவன் மெஷின்லதான் செஞ்சு பாக்கணும்.

ஜெயந்தி கருப்பு ஜன்னலைத் திறந்து அம்பு பட்டனை ஒரு தடவை அமுக்கினா. ஒரு வார்த்தை வந்துச்சு.

"இன்னாம்மா அது?"

"தேதி கேட்டிருக்காரு மாமா. இன்னிக்கி இன்னா தேதின்னு ஷெல்லைக் கேட்டிருக்காரு. அதுதான் கடைசி."

திரும்ப அமுக்கினா. அவன் அடிச்சது ஒண்ணொண்ணா வந்துச்சு. ஒரு வார்த்தையைத் தப்பா அடிச்சிருக்கான், அடுத்ததுல சரியா அடிச்சிருக்கான். ஒரு எடத்துல என் கண்ணு ஆபரேஷன் பேப்பரை வேற எடத்துக்கு மாத்தி வெச்சிருக்கான். அனு பீஸு கட்டின ரசீது. திரும்பத் தப்பு, திரும்ப சரி. போட்டோவுல இருக்கறவன் அசைய மாட்டான். இதுல அமுக்க அமுக்க வந்துக்கினே இருந்தான். ரொம்ப நேரம் அமுக்கினா. நானும் நிறுத்துன்னு சொல்லல.

அப்புறம் கையை எடுத்துட்டா. "மாமா, அவரு சொன்னது உண்மைன்னா, நாம செஞ்சு பாத்ததும் இதெல்லாம் போயிடும்."

"உண்மை இல்லன்னா?"

"இருக்கும்."

"நீ இன்னா நெனைக்கிற?"

"அவரு சோதிக்காம எழுத மாட்டாரு மாமா."

எம் பிள்ளை எழுதினது சரின்னு ஊரெல்லாம் சொல்லணும்னுதான் குந்தினேன். அந்த நேரத்துல அவன் தப்பா எழுதியிருக்கணும்னு வேண்டிக்கினேன்.

"போட்டோ எடுத்துக்கோம்மா"ன்னேன். முடிஞ்ச வரைக்கும் எடுத்தா. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இதைப் படிச்சுட்டு, ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமேன்னுவீங்க. பின்னாடி எல்லாரும் அதான் சொன்னாங்க. கணக்கு எழுதறவளுக்கும் ஆட்டோ ஓட்டினவனுக்கும் அது அப்ப தெரியல.

மொதல்ல எழுத்துல சொல்லி மூடினோம். திரும்பத் திறந்து அம்பை அமுக்கினா, எல்லாம் இருந்துச்சு. தேதி கேட்டது கூட இருந்துச்சு. ஜெயந்தி மூச்சு விட்டா. "இதோட நிறுத்திடலாமா மாமா?"

"ரெண்டு விதமா மூடறதையும் கேட்டாங்களே"ன்னேன்.

ரெண்டு ஜன்னல் திறந்தா. ரெண்டாவதுல அனுன்னு அடிச்சா, வேற ஒண்ணும் தோணல அவளுக்கு. பெருக்கல் குறியை அமுக்கி ஒண்ணை மூடினா, இன்னொண்ணை மூடினா. திரும்பத் திறந்தா. அம்பை அமுக்கினா.

அனுன்னு வந்துச்சு. இன்னொரு தடவை அமுக்கினா டொக்குன்னு ஒரு சத்தம். அனுதான். இன்னும் அமுக்கினா. டொக்கு. டொக்கு.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு"ன்னு சொல்லிட்டு முந்தானையை வாயில வெச்சுக்கினா. நான் அவ தலையைத் தொட்டேன். அதுக்கு மேல மாமனார் இன்னா செய்ய முடியும்.

முகம் கழுவிட்டு வந்து அவன் மெயில்ல இருந்தே பதில் எழுதினா. நாங்க இப்படிச் செஞ்சோம். பொஸ்தகத்துல இருக்கற மாதிரி பழசும் சேந்து இருக்கும்னு நெனைச்சோம். இல்ல. எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினா. அவன் எழுதற மாதிரியே இருந்துச்சு.

6

மார்த்தாம்மா சீக்கிரமே பதில் போட்டாங்க. நாங்க சொன்ன மாதிரி மூடினதும் அவங்க மெஷின்லயும் வந்துடுச்சாம். "உன் ரிப்பேரும் சரியா இருக்குது, எடுத்துக்கறோம். நன்றி முனுசாமி."

"இப்ப எழுதும்மா"ன்னேன்.

ஜெயந்தி எழுதினா. அதை செஞ்சவரு தணிகைவேலு, எம் புருஷன். அவரு போயி ஒரு வருஷம் ஆச்சு. முனுசாமின்றது அவங்க அப்பா, பக்கத்துல குந்திக்கினு இருக்காரு. அனுப்பறதுக்கு முன்னாடி என்னைப் பாத்தா. "மாத்தச் சொன்னா உங்க பேரு போயிடும் மாமா. பரவாயில்லையா?"

"அவன் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து நிக்குமில்ல? அப்பனுக்கு அது போதும்."

அதுக்கப்புறம் அவங்ககிட்ட இருந்து சத்தமே இல்ல. சும்மாவே இருந்திருக்கலாமோ, அங்கயாவது உயிரோட இருந்திருப்பானேன்னு ஒரு நாள் தோணிச்சு. அப்புறம் வந்துச்சு. அந்த மெஷின்ல செஞ்சு பாருன்னு கேட்டதுக்கு மன்னிப்பு கேட்டிருந்தாங்க. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்னு எழுதியிருந்தாங்க. இத்தனை வருஷம் அவங்க எழுதினதுல எந்தெந்த எடத்துல எம் பிள்ளை தப்பு கண்டுபுடிச்சான்னு சொல்லி, "ஒரு தடவை கூட எனக்கு வெக்கம் வர்ற மாதிரி அவர் எழுதினதில்ல"ன்னு எழுதியிருந்தாங்க. ஜெயந்தி அந்த எடத்தை ரெண்டு தரம் படிச்சா.

புதுசா வர்ற பொஸ்தகத்துல மேல இருந்து கீழ வரைக்கும் எம். தணிகைவேலுன்னு மாத்திடறாங்களாம். ஆனா இதுக்கு முன்னாடி வெளிய போனதை ஒண்ணும் செய்ய முடியாதாம். அது எத்தனையோ தேசத்துல, எத்தனையோ பேரு மெஷின்ல போயி உக்காந்துடுச்சு. யாரு கையில எது இருக்குதோ அது அப்படியேதான் இருக்கும், திருப்பி வாங்க முடியாதுன்னு எழுதியிருந்தாங்க.

அதனால தனபால் மச்சான், திருவிழாவுக்கு வர்ற நம்ம ஜனங்களே, உங்களைத்தான் கேக்கறேன். உங்க பசங்க மெட்ராஸ்ல, ஓசூர்ல, இன்னும் எங்கெங்கியோ கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருக்காங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. அவங்க கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லச் சொல்லுங்க. பழைய பொஸ்தகத்துல எங்கயாவது டி. முனுசாமிக்கு நன்றின்னு பாத்தா, அந்த முனுசாமி லக்கேஜ் ஆட்டோ ஓட்டினவன், அவன் ஒரு எழுத்து கூட அடிக்கல. அடிச்சது எல்லாம் தணிகைவேலு.